பாட்டின் பாத்தியதையும் பழைய படைப்புகளும்

காந்தளூர்ச் சாலையின் பெயர் முதலாம் இராசராச சோழனின் மெய்க்கீர்த்தியிலேயே இடம்பெற்றுவிட்டது. அச்சாலை இருந்த இடமென்று கருதப்படும் வலியசாலையில், மகாதேவர் திருக்கோயிலை அடுத்த தெருக்களில், தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. நம் முன்னோர் ஊர்விட்டு ஊர் வந்தபோது கொண்டுவந்த செல்வங்களுள் பாட்டைப் போல் சுமையற்றது வேறொன்றில்லை. தாலாட்டும் நலுங்கும் பஜனைப் பதங்களும் எவர் சொத்து என்று அவர்கள் கேட்டாரில்லை. கேட்க வேண்டிய தேவையும் அன்று எழவில்லை. நாமோ ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு சாசனமும், ஒவ்வொரு சாசனத்துக்கும் ஒரு வழக்கும் இருக்கக்கூடிய காலத்தில் வாழ்கிறோம். பாட்டின் பாத்தியதை எங்ஙனம் பிறந்தது, அதனால் பழைய கலைப்படைப்புகள் எப்பாடு படுகின்றன என்பதைப் பற்றி நம் ஆண்டுவிழா மலரில் சிறிது எழுத விழைகிறோம்.

பழைய தொலைக்காட்சித் தொடர்களைக் குறுந்தகட்டிலோ இணையத்திலோ மீண்டும் காண விழைவோர் சில வேளைகளில் ஏமாற்றம் அடைகின்றனர். முன்பு கேட்ட பாட்டு இருந்த இடத்தில் ஏதோ ஓர் ஊர்பேர் அறியாத வாத்திய இசை ஒலிக்கிறது. சில காட்சிகள் அடியோடு காணாமற் போகின்றன. சில தொடர்கள் வெளிவருவதேயில்லை. படச்சுருள் பழுதுபட்டது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். பெரும்பாலும் காரணம் அதுவன்று. பாட்டுக்குரிய அனுமதிச் சீட்டின் காலம் முடிந்துபோனதே காரணம்.

இதனைச் சற்று விளக்குவோம். ஒரு பாட்டில் இரு பாத்தியதைகள் அடங்கியுள்ளன. சொல்லும் மெட்டும் ஆக்கியோரது உரிமை ஒன்று; பாடகர் பாடப் பதிவுசெய்த அந்த ஒலிப்பதிவின் உரிமை மற்றொன்று. நாடகத்திலோ தொடரிலோ அப்பதிவைச் சேர்க்க விரும்புபவர் இருவரிடமும் அனுமதி பெறல் வேண்டும். அக்காலத்தில் தொலைக்காட்சிக்காரர் பெற்ற அனுமதி, ஒளிபரப்புக்கு மட்டும், அதுவும் சில ஆண்டுகளுக்கு மட்டும் என்றே பெரும்பாலும் எழுதப்பட்டது. செலவு குறையும் என்பதால் அவரும் அதற்கு உடன்பட்டார். ஒளிபரப்பிய நிகழ்ச்சியை மக்கள் கடையில் வாங்கித் தம் வீட்டு அலமாரியில் அடுக்கி வைப்பர் என்று அவர் கனவிலும் கருதியிருக்கமாட்டார். பிற்காலத்தில் அதை ஒளிநாடாவாகவோ தகடாகவோ வெளியிட விரும்பினால் மீண்டும் ஒவ்வோர் உரிமையாளரின் வாயிலிலும் போய் நிற்க வேண்டும். விலையைச் சொல்பவர் அவர். பாட்டின்றிக் காட்சி இல்லை என்பது அவருக்கும் தெரியும். பழைய தொடர் விற்று வரும் பணமோ அளவானது. ஆகவே பாட்டை வெட்டுவது, மாற்றுவது, அல்லது படைப்பையே பெட்டியில் பூட்டி வைப்பது என்ற மூன்றில் ஒன்று நடக்கிறது.

அமெரிக்க நாட்டில் 1978 முதல் 1982 வரை ஒளிபரப்பான 'டபிள்யூ.கே.ஆர்.பி. இன் சின்சினாட்டி' என்னும் நகைச்சுவைத் தொடர் இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. அது ஒரு வானொலி நிலையத்தைக் களமாகக் கொண்ட கதை. வானொலி நிலையம் என்றால் பாட்டு ஓடிக்கொண்டே இருக்க வேண்டுமன்றோ? அன்று மக்கள் நாவில் வழங்கிய பாட்டுகளையே அதில் தாராளமாகச் சேர்த்தனர். படச்சுருளில் எடுப்பதைவிட ஒளிநாடாவில் எடுக்கும் நிகழ்ச்சிகளுக்குப் பாட்டுக் கட்டணம் குறைவு என்பதால் ஒளிநாடாவிலேயே எடுத்தனர். அனுமதிக் காலம் கழிந்ததும் மறுஒளிபரப்புகளில் பாட்டுகள் நீக்கப்பட்டுக் கூலிக்கு அமைத்த இசை புகுத்தப்பட்டது. பாட்டைக் குறித்து நடிகர் பேசும் உரையாடல் இருந்த இடங்களில் பேச்சும் அடிபட்டது. 2007-இல் முதற்பருவம் தகடாக வந்தபோதும் இதே கதிதான். 2014-இல் வேறொரு நிறுவனம் பெரும்பாலான பாட்டுகளுக்கு அனுமதி பெற்று முழுத்தொடரையும் வெளியிட்ட பின்னரே நேயர்கள் அமைதியுற்றனர்.

நகைச்சுவைத் தொடராவது போகட்டும் என்று விடலாம். கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தை வரலாறாகப் பதிவுசெய்த 'ஐஸ் ஆன் தி பிரைஸ்' (1987) என்னும் ஆவணத் தொடரும் இவ்வாறே பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. அதிலிருந்த பாட்டுகளுக்கும் படங்களுக்கும் செய்திச் சுருள்களுக்கும் பெற்ற அனுமதிகள் காலாவதியாகிவிட்டன. மார்ட்டின் லூதர் கிங்கின் பிறந்தநாளன்று அன்பர்கள் வாழ்த்துப் பாடும் காட்சியொன்று அதில் உண்டு. அந்த வாழ்த்துப் பாட்டுக்கும் அன்று ஒரு நிறுவனம் உரிமை கொண்டாடி வந்தது! நம் குழந்தைகள் மாவப்பம் வெட்டும்போது பாடும் அதே ஆங்கிலப் பாட்டுத்தான். அந்நிறுவனத்தின் உரிமைச் சாசனம் செல்லாதென்று அமெரிக்க நீதிமன்றம் 2015-இல்தான் தீர்த்தது. ஆவணத் தொடரோ, அறக்கொடையாளர் பணம் தந்து உரிமைகளைப் புதுப்பித்த பின்னர், 2006-இல் மீண்டும் ஒளிபரப்பாயிற்று.

இவை கடல் கடந்த செய்திகள். நமக்கென்ன என்று எண்ண வேண்டா. சின்சினாட்டித் தொடருக்கு முப்பது ஆண்டுகள் முன்னரே, ஒரு கருவிக்கென விற்ற பாட்டின் உரிமை மற்றொரு கருவி வந்தபோது பூதமாய் எழுந்த வரலாறு தமிழ்நாட்டில் நிகழ்ந்தது. அவ்வழக்கின் நடுவில் நின்றவர் நம் திருவனந்தபுரத்தில் பிறந்த ஒருவர் என்பதை நம் இளைஞர் பலர் அறியார்.

அவர் அவ்வை தி.க. சண்முகம். 'தி' என்பது திருவனந்தபுரம், 'க' என்பது தந்தையார் கண்ணுசாமிப் பிள்ளை. 1912-இல் பிறந்த இவர், தம் உடன்பிறந்தார் சங்கரன், முத்துசாமி, பகவதி ஆகியோருடன் சிறு வயதிலேயே சங்கரதாஸ் சுவாமிகளின் பாலர் சபையில் சேர்ந்து பயின்றார். 1925-இல் சகோதரர்கள் தாமே ஒரு சபையைத் தொடங்கினர். டி.கே.எஸ். சகோதரர்கள் என்ற பெயர் நாடக உலகில் எவ்வளவு மதிப்புடையது என்பதை மூத்தோர் அறிவர். ஔவையார் வேடம் பூண்டு நடித்த சிறப்பால் 'அவ்வை' என்பது இவருக்கு நிலைத்த பட்டமாயிற்று. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் இவர்கள் குழுவில் நடித்தவரே. நாகர்கோவிலும் அன்று திருவிதாங்கூர்தானே! தமிழ் நாடகத்துக்குத் தென் திருவிதாங்கூர் தந்த கொடையைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம், இங்கு இடமில்லை.

மகாகவி பாரதியார் 1921-இல் மறைந்தபோது வறுமையன்றி வேறு சொத்து வைத்துச் செல்லவில்லை என்பர். சொத்து இருந்தது, அது அவர் எழுத்து. துணைவியார் செல்லம்மாள் அவற்றைப் பதிப்பிக்கும் முயற்சியைத் தொடங்கினார். பின்னர்ப் பாரதியாரின் தம்பி சி. விசுவநாதன் முதலியோர் பாரதி பிரசுராலயத்தை நடத்தினர். 1928-இல் பாரதியார் பாட்டு நூல்களை அந்நிய அரசு பறிமுதல் செய்ததும், சட்டசபையில் சத்தியமூர்த்தி முதலியோர் அதனைக் கண்டித்து முழங்கியதும் நாடறிந்தவை. 1931-இல் செல்லம்மாளும் மக்கள் இருவரும் நாலாயிரம் ரூபாய்க்குப் பதிப்புரிமையைப் பிரசுராலயத்துக்கு எழுதிக்கொடுத்தனர். காலப்போக்கில் அது விசுவநாதன் ஒருவர் கைக்கு வந்து சேர்ந்தது.

புத்தகத்தின் உரிமை இவ்வாறிருக்க, இசைத்தட்டின் உரிமை தனி வழி சென்றது. 1930-களில் கிராமபோன் பெட்டி வீடுதோறும் பாடத் தொடங்கியது. பாரதியார் பாட்டுகளை ஒலிபரப்பவும் இசைத்தட்டில் பதியவும் உரிய பாத்தியதையை ஜெசிங்லால் மேத்தா என்னும் வணிகர் சில நூறு ரூபாய்க்கு விலைக்கு வாங்கினார். அன்று அது நியாய விலையாகவே தோன்றியிருக்கும். பேசும்படம் அப்போதுதான் பிறந்திருந்தது. படத்தில் பாட்டு இத்துணைப் பணம் ஈட்டும் என்று எவர் கண்டார்? இசைத்தட்டு வாணிகத்தில் தேர்ந்து பின்னர்ப் படத்தொழிலுக்கு வந்த ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் அவ்வுரிமையைப் பன்மடங்கு விலை கொடுத்து மேத்தாவிடமிருந்து பெற்றார். 1947-இல் வெளிவந்த அவருடைய 'நாம் இருவர்' படத்தில் டி.கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாட்டுகள் தமிழகமெங்கும் ஒலித்தன. நாடு விடுதலை பெறுவதற்குச் சில திங்கள் முன்னரே விடுதலை வந்துவிட்டதாகப் பாடிய பாட்டை மக்கள் கொட்டகையில் கேட்டு மெய்ம்மறந்தனர். பாரதியைப் பாமரர் வீட்டுக்குக் கொண்டு சேர்த்த பெருமையில் செட்டியாருக்கும் பங்குண்டு. அதை மறுப்பது நன்றி மறத்தலாகும்.

அடுத்த ஆண்டு, 1948-இல், டி.கே.எஸ். சகோதரர்கள் தம் 'பில்ஹணன்' நாடகத்தைப் படமாக்கி வெளியிட்டனர். அதில் கண்ணன் பாட்டிலிருந்து ஒரு பாடலைச் சேர்த்தனர். உரிமை தம்முடையது என்று மெய்யப்பச் செட்டியார் சட்டத்தின் துணையை நாடினார். விலை கொடுத்து வாங்கியவர் காக்க முற்படுவது இயல்பே. சட்டமும் அவர் பக்கம் வலுவாக நின்றது. 1914-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆசிரியர் மறைந்து ஐம்பது ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். அதாவது 1971 வரை பாரதியாரைத் திரையிலும் தட்டிலும் பாடுவோர் ஒருவரின் அனுமதியை வேண்டி நிற்க வேண்டும். சண்முகம் விரும்பியிருந்தால் பாட்டை வெட்டிவிட்டுத் தப்பியிருக்கலாம்; சின்சினாட்டிக்காரர் பின்னாளில் அதைத்தான் செய்தனர். சண்முகம் அவ்வழியை நாடாமல், பாரதி நாட்டுக்குரியவர் என்ற வழக்கை மக்கள் மன்றத்துக்குக் கொண்டுபோனார்.

எட்டயபுரத்தில் கல்கியின் முயற்சியால் எழுந்த பாரதி மணிமண்டபத்தை 1947-இல் இராஜாஜி திறந்துவைத்திருந்தார். கவிக்கு மண்டபம் எழுப்பிய நாடு, அவர் பாட்டைப் பாட அனுமதி கேட்டு நிற்பதா என்ற கேள்வி எங்கும் எழுந்தது. பாரதி விடுதலைக் கழகம் தோன்றியது. நாரண துரைக்கண்ணன், வ.ரா., திருலோக சீதாராம் முதலிய எழுத்தாளர் அதில் முன்னின்றனர். ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராகவும், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வியமைச்சராகவும் இருந்த காலம் அது. அரசே உரிமைகளைப் பெற்று நாட்டுக்கு உடைமையாக்குவது என்று முடிவாயிற்று. 1949-இல் அது நிறைவேறியது. விசுவநாதனுக்கு 15,000 ரூபாயும், செல்லம்மாளுக்கும் இரு பெண்மக்களுக்கும் ஆளுக்கு 5,000 ரூபாயும் அரசு வழங்கிற்று. மெய்யப்பச் செட்டியார் தம் வசமிருந்த உரிமையை விலையேதும் பெறாமல் விட்டுக்கொடுத்தார். வழக்காடியவரே வள்ளலாக மாறிய இந்நிகழ்ச்சியை நாம் வியப்போடு நினைக்கிறோம். ஆயினும் ஒன்றைக் கூறாமல் விடல் முறையன்று. செல்லம்மாள் கணவரை இழந்து அப்போது இருபத்தெட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. பாட்டு எத்தனையோ கைகளில் பொன்னாய் விளைந்த அந்த ஆண்டுகளில் குடும்பம் அடைந்த பயன் மிகச் சிறிது.

அரசு வாங்கியதும் பாட்டு அன்றே விடுதலையடைந்துவிடவில்லை. யாவரும் தடையின்றிப் பதிப்பிக்கலாம், பாடலாம் என்ற நிலை 1955-இல்தான் வந்தது. அதன் பின்னர்ச் சிறு பதிப்பகங்கள் மலிவு விலையில் பாரதி நூல்களைக் குவித்தன. திரைப்படங்கள் அச்சமின்றி அவர் பாட்டை எடுத்தாண்டன. ஒளிநாடாவும் தகடும் இணையமும் வந்தபோது பாரதியின் சொல்லுக்காக எவரும் எவர் வாயிலிலும் நிற்க நேரவில்லை. வங்கத்தில் நிலை வேறு. இரவீந்திரநாத தாகூர் 1941-இல் மறைந்தார். அவர் பாட்டுகளின் உரிமை விசுவபாரதியிடம் இருந்தது. அதன் இசைக்குழுவின் ஒப்புதலோடுதான் இசைத்தட்டு வரவேண்டும். புகழ்பெற்ற பாடகர் தேவவிரத விசுவாசர் அக்குழுவோடு முரண்பட்டு இசைத்தட்டுக்குப் பாடுவதையே நிறுத்திக்கொண்டார். ஐம்பதாண்டு முடிந்த வேளையில் சட்டத்தைத் திருத்தி அறுபதாக்கினர். 2001 இறுதியில்தான் தாகூரின் எழுத்து பொதுவாயிற்று. பாட்டின் தூய்மையைக் காத்தோம் என்று விசுவபாரதியார் கூறுவர். நமக்கோ ஓமந்தூரார் வழியே மேலாகத் தோன்றுகிறது.

பாரதியார் ஒருவரின் கட்டு அவிழ்ந்ததேயன்றி, மற்றப் பாட்டுகளின் கட்டு இறுகியே வந்தது. 1957-இல் புதிய பதிப்புரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. திரைப்படத்துக்கென்று கூலி பெற்று மெட்டமைத்தவருக்குப் பின்னர் அதில் உரிமை உண்டா என்ற வினா உச்சநீதிமன்றம் வரை சென்றது. வேறுவித ஒப்பந்தம் இல்லையெனில் உரிமை படமுதலாளிக்கே என்று 1977-இல் தீர்ப்பாயிற்று. அத்தீர்ப்போடு தனிக்குறிப்பு ஒன்றை இணைத்து, பாடகருக்குச் சட்டம் எந்த உரிமையும் அளிக்கவில்லையே என்று வருந்தி எழுதியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். பாலக்காட்டு மண்ணில் பிறந்து, 1957-இல் கேரளத்தின் முதல் அமைச்சரவையில் சட்ட அமைச்சராக நம் நகரில் பணியாற்றியவர் அவர் என்பதை நாம் பெருமையோடு குறிக்கலாம்.

அவர் குறையை அகற்றச் சட்டத்துக்கு முப்பத்தைந்து ஆண்டுகள் தேவைப்பட்டன. 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் படப்பாட்டின் கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும், கொட்டகையில் படம் ஓடுவதற்கு அப்பால் கிடைக்கும் வருவாயில் பறிக்கவொண்ணாத பங்கு அளித்தது. அதனினும் நம் பொருளுக்கு நெருங்கிய விதி ஒன்றுண்டு. உரிமையை எழுதிக்கொடுத்த நாளில் இல்லாத, வாணிக வழக்கிலும் வராத ஒரு புதிய சாதனத்துக்கு, சாசனத்தில் அதைப் பெயர் சுட்டிச் சொல்லியிருந்தாலன்றி, அவ்வுரிமை செல்லாது. 1930-களில் இவ்விதி இருந்திருப்பின் மேத்தா வாங்கிய சாசனத்தை முதலில் புரட்டிப் பார்த்த பின்னரே பிறர் விலை பேசியிருப்பர்.

நல்ல விதிதான். ஆயினும் இதனால் பழைய படைப்புகளுக்கு வழி எளிதாகிவிட்டது என்று கூறுவதற்கில்லை. கேட்க வேண்டிய கதவுகள் மிகுந்துவிட்டன. 2024-இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்னும் மலையாளப் படம் 1991-இன் 'குணா' படப் பாட்டைக் கையாண்டபோது நம் வீடுகளில் எல்லோரும் மகிழ்ந்தோம். மலையாளப் படத்தின் உச்சத்தில் தமிழ்ப் பாட்டு ஒலிப்பது நம்மைப் போன்று இருமொழிக்கிடையே வாழ்வோர்க்குத் தனி இன்பமன்றோ? இசையமைப்பாளர் இளையராஜா தரப்பிலிருந்து அறிவிப்பு சென்றது. இசை நிறுவனங்களிடம் உரிமை பெற்றுள்ளோம் என்று படத்தார் விடையிறுத்தனர். எவரிடம் கேட்பது என்பதே இன்று முதற்கேள்வியாகிவிட்டது. கலைஞன் தன் உழைப்பின் பயனைக் கேட்பதை நாம் குறைகூற மாட்டோம். செல்லம்மாளின் நிலையை அறிந்தவர் எவரும் கூறார்.

1985-இல் திருவனந்தபுரம் தூர்தர்ஷன் நிலையம் மலையாள ஒளிபரப்பைத் தொடங்கிய பின்னர், 'சித்திரகீதம்' என்னும் திரைப்பாட்டு நிகழ்ச்சிக்காக அக்கம்பக்கத்தார் ஒரு வீட்டில் கூடுவது வழக்கமாயிருந்தது. தமிழ்நாட்டில் 'ஒலியும் ஒளியும்' அவ்வாறே தெருக்களை வெறிச்சோட வைத்தது. அந்நிகழ்ச்சிகளை அன்று ஒளிபரப்பியபடியே ஒருவர் தகட்டில் தர முன்வந்தால், எத்தனை பாட்டோ அத்தனை படமுதலாளியரையும் இசை நிறுவனங்களையும் தேடிப் போக வேண்டும். சிலர் இன்று இல்லை; சில நிறுவனங்கள் கைமாறிவிட்டன. நாடகமோ கதைத்தொடரோ ஆனால் பின்னணியில் ஒலிக்கும் ஒரு பாட்டை நீக்கியாவது மற்றதைக் காக்கலாம். பாட்டே உடலாக அமைந்த நிகழ்ச்சியில் எதை நீக்குவது?

நம் சங்கத்தாருக்குப் பயன்படும் என்பதால் சட்டத்தின் ஒரு சலுகையையும் இங்குக் குறிக்கிறோம். கட்டணம் பெறாமல் கூடிய அவையில், பொழுதுபோக்குக் கலைஞர் சங்கம் பாட்டையோ நாடகத்தையோ நடத்துவது உரிமை மீறலன்று. சமயச் சடங்குகளிலும் திருமண ஊர்வலத்திலும் பாடுவதும் அவ்வாறே. ஆதலின் நம் ஆண்டுவிழா மேடையில் சிறுவர் சிறுமியர் எப்பாட்டுக்கும் ஆடலாம். அதனை ஒளிப்பதிவு செய்து, வெளிநாட்டில் வாழும் பாட்டனும் பாட்டியும் காணட்டும் என்று இணையத்தில் ஏற்றும்போது அச்சலுகை உடன் வருவதில்லை. ஆட்டம் தெரிகிறது, ஓசை அடங்கிவிடுகிறது. இயந்திரமே பாட்டை இனங்கண்டு வாயடைத்துவிடுகிறது. இவ்விடையூறு வேண்டாதவர்கள் தாமே வாய்ப்பாட்டாகப் பாடி, பொதுவாகிவிட்ட பாட்டுகளைத் தேர்ந்துகொள்வது நலம். அவற்றுக்கு நமக்குப் பஞ்சமில்லை. சுவாதித் திருநாள் மன்னர் மறைந்தது 1846-இல். திருவிதாங்கூர்த் தமிழ்ப் பாவலர் நீலகண்ட சிவன் மறைந்தது 1900-இல். இவர்கள் பாட்டு எவர்க்கும் உரியது; பாரதியாரும் அவ்வாறே.

நீலகண்ட சிவனின் பாட்டுகளில் தோய்ந்து, சிறுவயதிலிருந்து திருவனந்தபுரத்தில் வளர்ந்து, இங்கு மகாராஜா சமஸ்கிருதக் கல்லூரியில் பயின்ற பாபநாசம் சிவன் மட்டும் இவ்வரிசையில் இன்னும் சேரவில்லை. அவர் மறைந்தது 1973 அக்டோபர் முதல் நாள். அறுபதாண்டுக் கணக்கின்படி அவர் பாட்டுகள் பொதுவாவது 2033 முடிந்த பின்னர்.